நீட்சி நிபுணர் சிவபாலன்

மனிதன் இரண்டு காலில் நிமிர்ந்து நின்றது எதற்காக என்று அறிஞர்கள் நெடுங்காலமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். கைகளுக்கு ஓய்வு கொடுக்கத்தான் என்பது வாலாஜாபாத் சிவபாலனைப் பார்த்தவர்களுக்கு ஐயமறத் தெரியும். கைக்கு வேலையில்லாமல் வேலை பார்ப்பது எப்படி என்ற மாபெரும் வினாவுக்கு விடை கண்டவர் அவர். அந்த விடையின் பெயர் ‘நீட்சி’.

கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுகிறவர்கள், அதற்கென்றே இருக்கும் எடிட்டர் என்ற மென்பொருளில் எழுதுகிறார்கள். அந்த எடிட்டரோடு, வேண்டிய சின்னச் சின்ன உதவிகளை இணையத்திலிருந்து இறக்கி ஒட்டவைத்துக்கொள்ளலாம். ஒன்று எழுத்துப் பிழை பார்க்கும். ஒன்று, திறந்த அடைப்புக்குறியை மறக்காமல் மூடும். ஒன்று, பாதிச் சொல்லைத் தட்டினால் மீதியைத் தானே எடுத்துக் கொடுக்கும். இவற்றைத்தான் எக்ஸ்டென்ஷன் என்கிறார்கள், தமிழில் நீட்சி. எல்லாமே பயனுள்ளவை. சாதாரண ஆட்கள் நாலைந்தை ஒட்டவைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுவார்கள். சிவபாலன் சாதாரண ஆள் இல்லை. அவர் தொடங்க மாட்டார்.

அவர் பணியாற்றிய நிறுவனம் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையின் மாடியில் இருந்தது. முதலாளி பஞ்சாட்சரம். தறிக் குடும்பத்துக்காரர். தறியை விட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தவர். தறியில் உட்காராதது போலவே கம்ப்யூட்டரிலும் உட்காரமாட்டார். நிறுவனம் விற்ற மென்பொருளுக்கு ‘முந்தானை’ என்று பெயர். கல்யாணப் புடவையின் முந்தானையில் பெண், மாப்பிள்ளை பெயர்களை நெய்து தருவது இப்போது பெரிய மோகம். கடைக்காரர் பெயர்களைத் தட்டி, மயிலா மாங்காயா என்று தேர்ந்தெடுத்தால் போதும். எந்த இழை ஏற வேண்டும், எந்த இழை இறங்க வேண்டும் என்று ‘முந்தானை’ கணக்குப் போட்டு, தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டிக்கு அனுப்பிவிடும்.

இதை எழுதியவள் கீர்த்தி. எழுதிக்கொண்டே இருந்ததால் அவளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

சிவபாலனைப் பற்றி நிறைய இருக்கிறது. காலை ரயிலில் வாலாஜாபாத்திலிருந்து வந்து சேர்ந்ததும் அவர் நீட்சிகளைப் புதுப்பிப்பார். நேற்று புதுப்பித்தவை இன்று மறுபடி பழசாகியிருக்கும். பிறகு புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்ப்பார். கண்ணுக்கு ஓய்வு தேவை என்று நினைவூட்ட ஒரு நீட்சி வைத்திருந்தார். எழுந்து நட என்று சொல்ல ஒன்று. தண்ணீர் குடி என்று சொல்ல ஒன்று. இந்த மூன்றின் பேச்சையும் அவர் ஒருநாளும் தட்டியதில்லை. திரையின் அடியில் ஒரு பூனைக்குட்டி இங்கும் அங்கும் நடந்துகொண்டிருக்கும். அலுவலக நேரத்தில் அவர் திரையில் அசைந்தது அது ஒன்றுதான்.

“அண்ணா, அந்த மாங்கா பார்டர் வேலை முடிஞ்சுதா?” என்று கீர்த்தி கேட்பாள்.

“முடியப்போவுதும்மா. அடைப்புக்குறிக்கெல்லாம் கலர் குடுத்துக்கினு இருக்கேன். ஜோடிக்கு ஒரு கலர். பாரேன், மயில் தோகையாட்டம் இருக்குது.”

“உள்ள ஒண்ணுமே எழுதலையேண்ணா.”

“வீட்டைக் கட்டிக்கினுதானம்மா குடி போகணும்.”

கீர்த்தி அவர் வீட்டையும் சேர்த்துக் கட்டுவாள். நீட்சி போட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்பது கொள்கை. நீட்சி போடுவதற்காக வேலைக்குத் தவணை நீட்சி கேட்பது நடைமுறை. இரண்டுக்கும் இடையில் ஒரு பெண் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பது அவசியம். உலகத்தில் பல நிறுவனங்கள் இப்படித்தான் ஓடுகின்றன என்று கேள்வி.

இதற்காக அவளுக்கு அவர்மேல் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. சிவபாலன் கெட்டவர் இல்லை. அவள் கண் சிவந்திருந்தால் தன் எடிட்டரில் இருக்கும் ‘ஓய்வு’ நீட்சியை அவளுக்கும் போட்டுத் தருகிறேன் என்பார். மதியம் மனைவி கட்டிக் கொடுத்த கோவில் இட்லியில் பாதியை அவள் டப்பாவில் வைப்பார்.

மாசி மாதக் கடைசியில் பஞ்சாட்சரம் சென்னையில் ஒரு ஜவுளிக் கண்காட்சிக்குப் போய்விட்டு வந்தார். வந்தவர் முகம் வாடியிருந்தது. எல்லாரும் ‘உங்க சீஃப் இன்ஜினியர் யாரு’ என்று கேட்டார்களாம்.

மறுநாள் கூட்டம் போட்டார். இருவரையும் எதிரே உட்காரவைத்தார்.

“நம்ம கம்பெனிக்கு ஒரு தலைமைப் பொறியாளர் வேணும். நானா ஒருத்தரைச் சொன்னா பாரபட்சம்னு பேசுவீங்க. மெஷினே சொல்லணும். யாரு எவ்வளவு எழுதுறாங்கன்னு பார்க்க ஏதாச்சும் இருக்குதாப்பா சிவா?”

ஒரு நிபுணரிடம் அவர் துறையில் கேள்வி கேட்டால் தன்னை மறந்துவிடுவார்.

“இருக்குது சார். ‘எழுதியவர் யார்’னு ஒரு எக்ஸ்டென்ஷன். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும், அதைக் கடைசியா தொட்டவங்க பேரை லேசா சாம்பல் கலர்ல காட்டும். தப்பவே முடியாது சார்.”

சொல்லி முடித்த பிறகுதான் தப்ப வேண்டியவர் யார் என்று அவருக்கு உறைத்தது.

“பிரமாதம்பா. பங்குனி உத்திரம் முடிஞ்சதும் நானே வந்து பார்க்குறேன்,” என்றார் பஞ்சாட்சரம்.

கீர்த்தி சிரித்தாள். அவளைச் சென்னையில் ஒரு கம்பெனி கூப்பிட்டுக்கொண்டிருந்தது. இங்கே ஒரு வழி பிறந்தால் ஊரை விட்டுப் போக வேண்டாம் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். “பார்த்துட்டுச் சொல்லுவேண்ணா, எங்க அப்பாகிட்ட,” என்றாள். சிவபாலன் தண்ணீர் குடித்தார், நீட்சி நினைவூட்டாமலேயே.

பங்குனி உத்திரத்தன்று கீர்த்தி ஏகாம்பரநாதர் கோயில் திருக்கல்யாணத்துக்காக விடுப்பு எடுத்திருந்தாள். ஆபீசில் தனியாக இருந்த சிவபாலன், ‘எழுதியவர் யார்’ நீட்சியை நிறுவி, ‘முந்தானை’யைத் திறந்து, மேலிருந்து கீழாகப் பார்த்தார். கீர்த்தி, கீர்த்தி, கீர்த்தி என்று தறியில் கட்டிய பாவு நூல் போல நீளமாக ஓடியது. வெகுநேரம் தேடியபின் ஒரே ஒரு வரியில் தன் பெயரைக் கண்டார். அது காலி வரி.

அவருக்கு வீட்டு நினைவு வந்தது. மருமகனை ஒருநாளும் மதித்திராத, அரிசி மில் வைத்திருக்கும் மாமனார் நினைவு வந்தது. அப்போது, ஆபத்தில் கைகொடுக்கும் நண்பனைப் போல ஒரு நீட்சி கண்ணில் பட்டது. நிரலைச் ‘சீரமைக்கும்’ நீட்சி. வரிகளின் முன்னால் இருக்கும் இடைவெளியை ஒரே அளவாக்கும், கோணல்மாணலை நேராக்கும், தேவையில்லாத குறிகளைத் தூசி தட்டும். ஒரு வரியையும் புதிதாக எழுதாது. ஆனால் ஒரு வரியையும் தொடாமல் விடாது.

நல்ல நாள். சுத்தம் செய்வதில் என்ன பாவம் என்று அவர் தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். கேட்டவரும் பதில் சொன்னவரும் ஒருவரே என்பதால் உடன்பாடு எளிதாக ஏற்பட்டது. ஒரு பொத்தானை அழுத்தினார். வெளியே நாதஸ்வரம் கேட்டது. நிறுவனத்தின் மொத்த நிரலும் சிவபாலன் பெயருக்கு மாறியது.

பஞ்சாட்சரம் சொன்னபடி வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையின் முன் நின்றார்.

“இந்த வரி யாரு?”

“நான்தான் சார்.”

“இது?”

“அதுவும் நான்தான் சார்.”

“இதோ இங்க என்னமோ இங்கிலீஷ் எழுத்துல தமிழ் இருக்குதே. ‘இதுல கை வெக்காதீங்க, இப்படிக்கு கீர்த்தி’ன்னு. இது யாரு?”

பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ‘சிவபாலன்’ என்றிருந்தது.

பஞ்சாட்சரம் நெகிழ்ந்துபோய், அருகில் நின்ற கீர்த்தி பக்கம் திரும்பினார். “பார்த்தியாம்மா, உன் பேரைக்கூட அவருதான் உனக்காக எழுதி வெச்சிருக்காரு.”

“சார், அதை எழுதினது நான்,” என்றாள் கீர்த்தி. “எல்லாமே நான் எழுதினதுதான். அண்ணா வரியைக் கொஞ்சம் தள்ளி வெச்சிருக்காரு, அவ்வளவுதான்.”

“மெஷின் பொய் சொல்லுமாம்மா?”

கீர்த்தி சிவபாலனைப் பார்த்தாள். சிவபாலன் பூனைக்குட்டியைப் பார்த்தார். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். அதற்குள் பஞ்சாட்சரம் கீழ்க்கடையிலிருந்து எடுத்துவரச் சொல்லியிருந்த பட்டுச் சால்வை தோளில் விழுந்தது. கேமரா மின்னியது. திறந்த வாய் சிரிப்பாகப் பதிவாயிற்று. படம் அன்று மாலையே குடும்ப வாட்சாப் குழுவில் ஏறியது. மாமனார் முதல்முறையாகக் கைகூப்பும் பொம்மை அனுப்பினார்.

மறுநாள் மதியம் இட்லியோடு போனபோது கீர்த்தி டப்பாவை மூடிவிட்டாள்.

“சொல்லலாம்னுதாம்மா இருந்தேன். அதுக்குள்ள சால்வை போட்டுட்டாரு,” என்றார் சிவபாலன்.

“பரவால்லண்ணா. வாசல் பெருக்குனவங்க பேர்ல வீட்டை எழுதிக் குடுத்திருக்காங்க. பெருக்குனவங்களைச் சொல்லி என்ன. இனிமே எல்லா வரியும் உங்களுதுதான். கடைக்காரங்க போன் பண்ணா உங்களுக்கே குடுக்குறேன்.”

அவளுடைய குரலில் சூடு இல்லை. அதுதான் அவரை வாட்டியது. அதன்பின் அன்று அவர் ஒரு நீட்சியையும் தொடவில்லை.

பதவிக் காலம் வைகாசி வரை சிறப்பாக நடந்தது. ‘தலைமைப் பொறியாளர்’ என்று அட்டை அச்சாயிற்று. வைகாசி முகூர்த்தங்கள் நெருங்கும்போது ஒருநாள் முற்பகல் மாடிப்படி அதிர்ந்தது. மாகறலைச் சேர்ந்த ஒன்றியக் கவுன்சிலர் கிருஷ்ணவேணி வந்தார். பின்னாலேயே கல்யாணப் பெண்ணான அவர் மகள் சக்தி. மாப்பிள்ளை பெயர் குரு. இருவர் பெயரையும் முந்தானையில் நெய்த அரக்குப் பட்டுப் புடவையைக் கிருஷ்ணவேணி மேசைமேல் விரித்தார்.

“படிப்பா.”

பஞ்சாட்சரம் குனிந்து படித்தார். சுற்றிலும் மயில், நடுவில் தங்க எழுத்து.

‘குரு – சகதி.’

“எம் பொண்ணு பேரு சக்தி. ‘க’ மேல இருந்த புள்ளி எங்கப்பா போச்சு? நேத்து சம்பந்தி வூட்டுக்காரங்க வந்து பார்த்தாங்க. ‘ஏம்மா, பொண்ணுக்குச் சகதின்னா பேரு வெச்சிருக்கீங்க’ன்னு கேக்குறாங்க. எலெக்‌ஷன்ல நின்னப்பகூட எதிர்க்கட்சிக்காரன் எம்மேல இவ்ளோ சேறு பூசலை.”

“மாப்பிள்ளை பேரு சரியா வந்திருக்குதேம்மா,” என்றார் பஞ்சாட்சரம் ஆறுதலாக.

“அவரு பேர்ல புள்ளியே இல்லையே, எப்படிப்பா போவும்? அதைச் சொல்லிச் சொல்லித்தான் அவங்க சிரிக்கிறாங்க. நெய்தவங்களைக் கேட்டா, இப்பல்லாம் பேரை இப்படித்தான் ஸ்டைலா போடுறாங்கன்னு நெனைச்சேன்றாங்க. கடையில கேட்டா, கம்ப்யூட்டர் போட்டதுன்றாங்க. கம்ப்யூட்டரை எழுதினது யாரு? எனக்கு ஆளு தெரியணும்.”

பஞ்சாட்சரம் பெருமிதத்தோடு கணினிப் பக்கம் திரும்பினார். “கவலையே வேணாம்மா. நம்மகிட்ட சிஸ்டம் இருக்குது. எந்த வரியில தப்புன்னாலும் பக்கத்துலயே பேரு இருக்கும்.”

முதல் வரியைப் பார்த்தார். சிவபாலன். நடுவில் பார்த்தார். சிவபாலன். கடைசிக்குப் போனார். அங்கேயும் அவரே. எங்கும் நிறைந்திருந்தவர் பக்கத்தில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தார்.

“சார், இதை நான் எழுதலை.”

“எதை எழுதலை?”

“எதையுமே எழுதலை சார். ஒரு வரிகூட. ஒரு காலி வரி மட்டும் என்னுது.”

கிருஷ்ணவேணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “என்னப்பா இது. ஆபீஸ்ல உக்காந்துக்கினு இருக்குறவரு, வேலையே பார்க்கலன்னு அவரு வாயாலயே சொல்றாரு.”

“அவரு தலைமைப் பொறியாளர்மா.”

“ஓ. அப்ப சரி.” அரசியலில் இருப்பவருக்கு இதெல்லாம் விளக்க வேண்டியதில்லை. “வேலை பார்க்குறவங்களைக் கூப்பிடுங்க.”

கீர்த்தி வந்தாள். புடவையைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் தலையைத் தூக்கினாள்.

“தமிழ் எழுத்தை எல்லாம் எப்படி இழை போட்டு வரையணும்னு ஒரு பகுதி எழுதி வெச்சிருந்தேன் சார். அதுல இருந்த புள்ளி அத்தனையும் காணோம். தூசி தட்டுற எக்ஸ்டென்ஷன் ஒண்ணு போயிருக்குது. தமிழே தெரியாத யாரோ செஞ்சது. மெய்யெழுத்து மேல இருக்குற புள்ளியைத் தூசின்னு நெனைச்சுத் துடைச்சிருக்குது. புது வெர்ஷன் கடைகளுக்குப் போனப்புறம் நெய்த மொதல் புடவை இதுதான்.”

“யாரும்மா அதை ஓட்டினது?”

கீர்த்தி திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சொல்ல அவளுக்கு வாய் வரை வந்திருக்கும். சிவபாலன் முகத்தைப் பார்த்தாளோ என்னவோ.

“நான்தான் சார்,” என்றார் சிவபாலன். “பங்குனி உத்திரத்தன்னிக்கு. எம் பேரு வரணும்னுதான் செஞ்சேன். புள்ளி போவும்னு தெரியாது. மத்ததெல்லாம் கீர்த்தி எழுதினது. புள்ளியை எடுத்தது மட்டும் நான்.”

இத்தனை ஆண்டுப் பணியில் சிவபாலன் தானாகச் செய்துமுடித்த முதல் வேலை மேசைமேல் சரிகையில் மின்னிக்கொண்டிருந்தது.

முதலில் சிரித்தது கல்யாணப் பெண். “வுடும்மா. புதுசா நெய்ய நாளில்லை. ஆரி ஊசித் தையல் வேலை செய்றவங்ககிட்ட குடுத்து, ‘க’ மேல ஒரு கல்லு வெச்சிட்டா முடிஞ்சிது. நல்லா இருக்குற கல்லா வெப்போம்.”

“அந்த வரியில யாரு பேரு இருக்குதோ அவரே எடுத்துக்கினு போகட்டும்,” என்று கிருஷ்ணவேணி தீர்ப்பளித்தார்.

சிவபாலன் புடவையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனார். ஆரி வேலைக்காரப் பெண்ணின் எதிரே ஒரு முக்காலியில் உட்கார்ந்து, ஊசி ஏறி இறங்குவதைக் கண் எடுக்காமல் பார்த்தார். எழுந்து நடக்கவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. ‘சகதி’ ‘சக்தி’யானபோது அவருக்குக் கண்ணில் நீர் கட்டியது. ஒரு வேலையை முடித்தால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அவர் திரும்பி வருவதற்குள் கீர்த்தி நிரலைப் பழைய நிலைக்கு மாற்றியிருந்தாள். புள்ளிகள் வந்துவிட்டன. தறி ஏறக் காத்திருந்த மற்ற புடவைகள் பிழைத்தன. திரையில் வரிக்கு வரி சாம்பல் நிறத்தில் ‘கீர்த்தி’ ஓடியது. பஞ்சாட்சரம் கண்ணாடியைக் கழற்றினார்.

“கண்ணு கூசுதும்மா. அந்த எக்ஸ்டென்ஷனை எடுத்துடு.”

சிவபாலன் பையிலிருந்து சால்வையை எடுத்து மேசைமேல் வைத்தார். வழியில் யோசித்து முடிவு செய்திருந்தார். “சார், இது கீர்த்திக்குப் போட வேண்டியது. அந்தப் பதவியும் அவளுதுதான்.”

“விடுப்பா. அட்டை அடிச்சாச்சு. கண்காட்சியில கேட்ட எல்லாருக்கும் அனுப்பியாச்சு.”

“நான் சென்னைக்குப் போறேன் சார்,” என்றாள் கீர்த்தி. “அடுத்த மாசம் சேரணும். இன்னைக்கு மதியம்தான் சரின்னு சொன்னேன்.”

பஞ்சாட்சரம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். உண்மையாகவே கலங்கிப்போனார். “என்னம்மா இப்படிச் சொல்ற? நீ போனா கம்பெனி என்னாவறது? இங்க இருக்குற ஒவ்வொரு எழுத்தும் நீ எழுதினதாச்சே. எனக்குத் தெரியாதா?”

“தெரியுமா சார்? எப்பத்துலேருந்து?”

“மொதல்லேருந்தே தெரியும்மா. நீ வந்த நாள்லேருந்து பார்த்துக்கினுதானே இருக்கேன்.”

“அப்புறம் ஏன் சார் அண்ணாவுக்குப் போட்டீங்க?”

பஞ்சாட்சரம் அவளைப் பாசத்தோடு பார்த்தார். இவ்வளவு கெட்டிக்காரப் பெண்ணுக்கு இதுகூடவா புரியவில்லை என்ற வருத்தம் முகத்தில் தெரிந்தது.

“உன்னைத் தலைமைப் பொறியாளர் ஆக்கிட்டா, அப்புறம் வேலையை யாரும்மா செய்வாங்க?”

சிவபாலன் தலையைக் குனிந்துகொண்டார். கீர்த்தி மேசையைத் துடைத்தாள். சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டாள்.

“அதைத்தான் சார் நானும் கேக்குறேன்,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

மாடியில் ஒரு முதலாளி இருந்தார். ஒரு தலைமைப் பொறியாளர் இருந்தார். நிறுவனத்தில் ஆள் இல்லை.